டீசல் ஃபில்டர் ஏன் இத்தனை சீக்கிரம் அடைகிறது? நெல்லைச் சீமை லாரி, டிப்பர் உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கல், எம்‑சாண்ட், சிமெண்ட், செங்கல், வாழைத்தார் என்று சுமை ஏற்றித் திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் ஓடும் வண்டிகள் எங்கள் பட்டறைக்குள் நுழையும்போது அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: "போன மாசந்தான் ஃபில்டர் மாத்தினோம் அண்ணாச்சி, மறுபடியும் வண்டி இழுக்கலை." புது ஃபில்டர் போட்டதும் வண்டி ஓடிவிடுவதால் பழுது நீங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் அழுக்கைப் பிடித்து வைக்கும் பாத்திரம் மட்டுமே மாறியிருக்கிறது. அழுக்கு வரும் வழி அப்படியே திறந்திருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிப்பதற்காகவே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஃபில்டர் அடைந்தால் அதைக் கோளாறு என்று கொள்ள வேண்டும்?

வண்டிக்கு வண்டி மாற்றும் கெடு வேறுபடுவதால், உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரே அளவுகோல். அந்தக் கெடுவில் பாதியைக்கூட எட்டாமல் இரண்டு ஃபில்டர்கள் அடுத்தடுத்து அடைந்தால், மூன்றாவது ஃபில்டரை வாங்குவதற்கு முன் டேங்கைத் திறந்து பார்த்துவிடுங்கள். குவாரி டிப்பர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. லோடு ஏற்றக் காத்திருக்கும்போதும், தொட்டியைத் தூக்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மீட்டர் நகராவிட்டாலும் டீசல் ஃபில்டர் வழியாகப் போகிறது. அத்தகைய வண்டிகளுக்கு என்ஜின் ஓடிய மணி நேரத்தைக் குறித்து வைப்பதே சரியான முறை.

வண்டி இழுக்காததற்கு ஃபில்டர்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

வெறும் வண்டியாகப் போகும்போது ஒரு குறையும் தெரியாமல், லோடு ஏற்றிக்கொண்டு புளியரை எஸ் வளைவு போன்ற ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் என்ஜின் திணறுமானால், டீசல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். அப்போது புகையைப் பாருங்கள். பழைய வண்டிகளில் ஏர் ஃபில்டர் அடைந்திருந்தால் கறும்புகை தள்ளும். டீசல் வரத்துக் குறைந்திருந்தால் கறும்புகை இல்லாமலே இழுவை போய்விடும். புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த பி.எஸ். 6 வண்டிகளில் புகைபோக்கியில் உள்ள வடிகட்டி கரியைப் பிடித்துவிடுவதால் இந்தச் சோதனை உதவாது. அங்கே என்ஜின் விளக்கு எரிந்து, வேகமும் தானாகக் கட்டுப்படும். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் பொதுவான 'ரயில்' குழாயில் அழுத்தம் குறைவு என்று ஸ்கேனரில் காட்டும்.

ஃபில்டர் அடைப்பைப் போலவே தோன்றும் வேறு மூன்று கோளாறுகள் உண்டு. நன்றாக இருக்கும் ஃபில்டரைப் பலர் தூக்கி எறிவது இவற்றால்தான்.

முதலாவது, டேங்கின் காற்றுத் துளை அடைபடுவது. டீசல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். டேங்க் மூடியிலோ தனிக் குழாயிலோ உள்ள அந்தச் சிறு துளையைக் குவாரித் தூசியும் சேறும் அடைத்துவிட்டால், டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் டீசல் வராது. வண்டி திணறும் நேரத்தில் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளே இழுக்கும் 'உஸ்' என்ற சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி சரியாக ஓடினால், ஃபில்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது, டேங்குக்குள் மிதக்கும் பொருள். பாலித்தீன் துண்டு, துணிக்கிழிசல், புனல் வழியாக விழுந்த காய்ந்த இலை என ஏதாவது ஒன்று உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் நின்றதும் உறிஞ்சும் விசை போய்விடுவதால் அது தானாக விழுந்துவிடும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காதது போல வண்டி ஓடும். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டிப்பருக்கு நான்கு ஃபில்டர்கள் மாற்றிய பிறகு, ஒரு பால் பாக்கெட்டின் கிழிந்த மூலையை அதன் டேங்கிலிருந்து எடுத்தோம். நான்கு ஃபில்டர்களும் சுத்தமாகவே இருந்தன.

மூன்றாவது, உறிஞ்சும் பக்கத்தில் காற்றுப் பிடிப்பது. டேங்குக்கும் அதிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ வாஷர் தேய்ந்திருந்தாலோ டீசல் வெளியே கசிய வேண்டும் என்பதில்லை. காற்று உள்ளே போகும். அந்த இடத்தில் ஒரு முழம் கண்ணாடி போன்ற டீசல் குழாயைத் தற்காலிகமாக மாட்டி என்ஜினை ஓடவிட்டால் குமிழ்கள் கண்ணுக்குத் தெரியும்.

இவை மூன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, வசதியுள்ள பட்டறையில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே வெற்றிட அளவியை மாட்டச் சொல்லுங்கள். புது ஃபில்டரோடு காட்டும் அளவைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஊகம் தேவைப்படாது.

கழற்றிய ஃபில்டரை என்ன செய்வது?

எறியாதீர்கள். கையில் இருக்கும் சாட்சியங்களில் அதைவிடச் சிறந்தது வேறில்லை. மேல் தகட்டை வெட்டிக் கழற்றி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். கிரைண்டரால் அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே விழுந்து சோதனை கெடுவதோடு தீப்பொறியும் பறக்கும் என்பதால், டின் வெட்டும் கருவியையோ கை ரம்பத்தையோ பயன்படுத்துவது நல்லது. ரம்பத் தூள் விழுந்த ஓரத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பாருங்கள்.

காவி நிறத்தில் சொரசொரப்பாக, செதில் செதிலாக இருந்து காந்தத்தில் ஒட்டினால், டேங்கின் உட்சுவர் துருப்பிடித்து உதிர்கிறது. மாவு போன்ற மெல்லிய செம்மண்ணாகவோ சாம்பல் நிறக் கல்தூசியாகவோ இருந்து காந்தத்தில் ஒட்டாவிட்டால், அது வெளியிலிருந்து வந்தது: திறந்த வாயில் டீசல் ஊற்றியிருக்கிறார்கள், அல்லது மூடியின் ரப்பர் போய்விட்டது. திசையன்விளை, உவரிப் பக்கத்துத் தேரிமண் ஆனி, ஆடிக் காற்றில் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்பாக இருந்தால் இன்னும் சற்றுக் கவனம் வேண்டும், ஏனென்றால் கறுப்பிலும் இரண்டு வகை உண்டு. டீசல் சூடாகி, காற்றோடு சேர்ந்து, நாள்பட்டுக் கெட்டுப்போவதால் உண்டாகும் பிசின் ஒன்று. இது தார் போல ஒட்டும், பெயிண்ட் தின்னரில் பெரும்பாலும் கரையும். பூஞ்சை, நுண்ணுயிர்களால் உண்டாகும் சளி மற்றொன்று. இது ஜவ்வு போல இழுபடும், தின்னரில் கரையாது, புளித்த வாடையும் அடிக்கும். பிசினுக்குப் பழைய டீசலை வெளியேற்றினால் போதும். சளி என்றால் டேங்கின் அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கொள்ளலாம்.

மெழுகு உறைந்து ஃபில்டர் அடைவதாக வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதைக் கேட்டுச் சிலர் அதற்கான மருந்தைத் தேடுகிறார்கள். அது கடுங்குளிர் நாட்டுப் பிரச்சினை. நம் ஊர் மார்கழிக் குளிரில் டீசல் உறையாது.

டேங்குக்குள் தண்ணீர் எப்படி வருகிறது? பங்க்கில் கலந்துவிடுகிறார்களா?

முதல் சந்தேகம் எப்போதும் பங்க் மேல்தான் விழுகிறது. பங்க் காரணமாக இருக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் என் அனுபவத்தில் குவாரியிலும் செங்கல் சூளையிலும் நிற்கும் பீப்பாய்தான் பெரும்பாலும் குற்றவாளி. அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது மழையும் கழுவலும். மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருந்தால், குற்றாலச் சாரல் காலத்தில் செங்கோட்டை வழியாகக் கேரளம் போய்த் திரும்பும் வண்டியில் ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். சர்வீஸ் ஸ்டேஷனில் மூடிக்கு நேராகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் இதுவே நடக்கும். கால் டேங்க் டீசலோடு இரவெல்லாம் நிற்கும் வண்டியில் மீதி இடத்திலுள்ள ஈரக்காற்று குளிர்ந்து சுவரில் வியர்ப்பதும் உண்டு. ஒரு நாளில் அது சில துளிகள்தான். ஆனால் மாதக்கணக்கில் யாரும் வடிக்காமல் விட்டால் அதுவும் சேர்ந்து நிற்கும். மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி நிறுத்துவது இதற்கு எளிய மருந்து.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையோரம் மூழ்கிய வண்டிகளில் காற்றுத் துளை வழியாகவே ஆற்று நீரும் வண்டலும் டேங்குக்குள் போயிருக்கக்கூடும். அப்போது மேலோட்டமாகத் தண்ணீரை வடித்துவிட்டு ஓட்டத் தொடங்கிய வண்டி உங்களிடம் இருந்து, அதற்குப் பிறகு ஃபில்டர் தொல்லை தொடர்ந்தால், டேங்கை இறக்கிச் சுத்தம் செய்யாமல் அது தீராது.

தண்ணீர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 820 முதல் 840 கிராம்தான் இருக்கும் என்பதால் தண்ணீர் எப்போதும் அடியில் தங்கும். இரவு முழுவதும் வண்டி அசையாமல் நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், டேங்கின் அடியிலுள்ள வடிப்பு நட்டைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் பிடியுங்கள். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடித் திருகிலிருந்தும் தனியாக ஒரு பாட்டில் பிடியுங்கள். கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால் கோடு தெரியும். சந்தேகமாக இருந்தால் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போடுங்கள்: அந்த நிறம் டீசலில் கரையாது, தண்ணீரில் உடனே கரைந்து அடியில் மட்டும் செம்மஞ்சளாகத் தெரியும். வடித்ததைக் கால்வாயிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிட வேண்டாம்.

டீசலில் பூஞ்சை வளரும் என்பது உண்மையா?

உண்மைதான். 'ஹார்மோகோனிஸ் ரெசினே' என்ற பூஞ்சை இதில் பேர்போனது; விமான எரிபொருள் டேங்குகளிலும் இது தொல்லை கொடுத்திருக்கிறது. டீசல் அதற்கு உணவு, தண்ணீர் அதற்கு வீடு. இரண்டும் சந்திக்கும் கோட்டில்தான் அது பாய் விரித்தாற்போலப் படரும். 25 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்கு மிகவும் ஒத்துப்போவதால், ஆண்டின் பெரும்பகுதி நம் சீமையே அதற்கு ஏற்ற இடமாகிவிடுகிறது. அது கக்கும் அமிலம் டேங்கின் அடித்தகட்டை அரிக்கும். ஆகவே சளியும் துருவும் ஒரே ஃபில்டரில் கிடைத்தால் வியப்படைய வேண்டாம்.

இதைக் கொல்லும் மருந்துகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் அழுக்கு நிறைந்த டேங்கில் மருந்தை மட்டும் ஊற்றினால், செத்த பூஞ்சை முழுவதும் பெயர்ந்து ஒரே நாளில் ஃபில்டரை அடைத்துவிடும். முதலில் டேங்கைக் கழுவி, அதன் பிறகு டப்பாவில் குறித்த அளவுக்கு மட்டும் மருந்து சேர்ப்பதுதான் சரியான வரிசை. தண்ணீரைத் தொடர்ந்து வடித்து வந்தால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலந்தால் பூஞ்சை சாகும் என்பது தவறான நம்பிக்கை. பம்புக்கும் நாசிலுக்கும் வேண்டிய வழவழப்புக் குறைந்து அவைதான் சாகும்.

பி.எஸ். 6 டீசல் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை அதிகமானது என்கிறார்களே?

ஓரளவுக்குத்தான் அதை ஏற்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசலில் பயோடீசல் சேர்க்கவும் இடமுண்டு. 2018ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030க்குள் 5 விழுக்காடு கலப்பை இலக்காக வைத்திருக்கிறது. பயோடீசல் கலந்த எரிபொருள் வெறும் டீசலைவிட ஈரத்தை அதிகமாக ஏற்கும், விரைவில் கெடும், டேங்கின் சுவரில் பல வருடங்களாகப் படிந்திருக்கும் கசடையும் கரைத்து இறக்கும். எனவே பழைய வண்டியில் தொடக்கத்தில் ஓரிரு ஃபில்டர்கள் சீக்கிரம் அடைவதற்கு இது காரணமாகலாம். ஆனால் சுத்தமான டேங்கில் அடுத்தடுத்து ஆறு ஃபில்டர்கள் அடைவதற்கு இதைக் காரணம் காட்ட முடியாது.

மாறியது டீசல் மட்டுமன்று, வண்டியும் மாறியிருக்கிறது. காமன் ரயில் என்ஜினில் அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும் போகிறது. நாசிலுக்குள் இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், எவ்வளவு நுண்ணிய அழுக்கை ஃபில்டர் தடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய லாரியில் பம்பு வழியாகப் போய் எரிந்துபோன தூசி, புது லாரியில் ஃபில்டரில் நிற்கிறது.

குவாரியில் பீப்பாயில் டீசல் வைத்துத்தான் ஊற்றுகிறோம். என்ன செய்யலாம்?

200 லிட்டர் பீப்பாயை நிமிர்த்தி வைத்தால் மேல்தகட்டின் விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, இறுக்கமாக இருப்பதாக நாம் நினைக்கும் மூடியின் புரி வழியாக வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, தேங்கிய தண்ணீரை அதே புரி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறக்காமலே தண்ணீர் போவது இப்படித்தான். பீப்பாயைக் கூரைக்கு அடியில் வையுங்கள். கூரை இல்லையென்றால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில், டீசலுக்குள் மூழ்கியிருக்குமாறு உருட்டி நிறுத்துங்கள்.

பீப்பாயை இறக்கிய உடனே ஊற்றக் கூடாது. ஒரு நாளாவது அசையாமல் விட்டு, கைப்பம்புக் குழாயின் நுனி அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்குமாறு வைத்து எடுங்கள். அடியில் மிஞ்சும் டீசலைத் தனிப் பாத்திரத்தில் தெளியவிடலாம்; அது வீணாகிறதே என்று வண்டியில் ஊற்றினால், மிச்சம் பிடித்ததைப் பல மடங்காக நாசில் கேட்கும். பழைய வேட்டித் துணியை மடித்து வடிகட்டுவது நம் ஊர் வழக்கம்தான். அதன் நூலும் பஞ்சும் டீசலோடு போகும், தண்ணீரோ தாராளமாக இறங்கிவிடும். மெல்லிய கம்பி வலை வைத்த புனலையோ, தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் பொருத்திய கைப்பம்பையோ வாங்குவது அதற்கு மேல். துத்தநாகம் பூசிய தகரத்தில் டீசல் வைக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: டீசலோடு அது வினைபுரிந்து சோப்பு போன்ற படிவை உண்டாக்கும், அந்தப் படிவும் ஃபில்டரைத்தான் வந்து சேரும்.

பங்க் மீதுதான் சந்தேகம் என்றால்?

எந்த வாடிக்கையாளரும் அடர்த்திச் சோதனை கேட்கலாம். பங்க்கில் ஜாடி, ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, 15 டிகிரிக்கு மாற்றும் அட்டவணை எல்லாம் இருக்க வேண்டும். அன்றைய பதிவிலுள்ள அடர்த்தியோடு 3 புள்ளிகளுக்கு (லிட்டருக்கு 3 கிராம்) மேல் வேறுபடக் கூடாது. ஆனால் இந்தச் சோதனை கலப்படத்தைக் காட்டுமே தவிர, நிலத்தடித் தொட்டியின் அடியிலுள்ள தண்ணீரைக் காட்டாது. தண்ணீருக்கு, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவுகோலில் தடவி இறக்கிப் பார்ப்பார்கள், அதையும் கேட்டுப் பெறலாம். டேங்கர் லாரி டீசல் இறக்கிக்கொண்டிருக்கும்போது அடிக்கசடு கலங்கியிருக்கும் என்பதால் அடுத்த பங்க்குக்குப் போவது நல்லது. பில்லையும் ஒரு பாட்டில் மாதிரியையும் எடுத்து வைக்காமல் சண்டைக்குப் போக வேண்டாம்.

கேனில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத 'டீசல்' பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம்.

டேங்கைச் சுத்தம் செய்வதில் கவனிக்க வேண்டியவை எவை?

வண்டியிலேயே வைத்து வடித்தால் தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் உள்ள கசடு நின்றுவிடும். இறக்கித்தான் ஆக வேண்டும். மிதவையையும் உறிஞ்சு குழாயையும் கழற்றி, அதன் நுனியிலுள்ள சல்லடையைத் தனியாகக் கழுவுங்கள். சல்லடை அடைகிறது என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அது காவலாளியை வேலையை விட்டு நிறுத்துவதற்குச் சமம். பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிக் கழுவுவதும், ஆவி போகாத டேங்கில் வெல்டிங் வைப்பதும் உயிருக்கே ஆபத்தானவை. கழுவிய டேங்க் முழுவதும் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். பம்புப் பக்கம் குழாயைக் கழற்றிவிட்டு, டேங்க் வரையுள்ள குழாய்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். உட்சுவர் முழுவதும் துரு செதிலாக உரிந்தால் கழுவிப் பயனில்லை, டேங்கை மாற்றுவதுதான் மிச்சம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் எங்காவது கொஞ்சம் கசடு மிஞ்சியிருக்கும் என்பதால், முதல் சில நடைகளுக்கு ஒரு மாற்று ஃபில்டர் வண்டியில் இருக்கட்டும்.

அடைந்த ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடலாமா?

கூடாது. காகிதம் கிழியும், அல்லது துளை பெரிதாகும். வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கும், ஏனென்றால் அழுக்கு இப்போது தடையில்லாமல் பம்புக்குப் போகிறது. போலி ஃபில்டர்களிலும் இதே ஏமாற்றம்தான்.

புது ஃபில்டரில் டீசல் நிரப்பி மாட்டுவது சரியா?

பழைய பம்பு வண்டிகளில் அது பெரிய தவறில்லை. காமன் ரயில் வண்டியில் செபரேட்டருக்கு அடுத்துள்ள இரண்டாம் ஃபில்டரில் கேனிலிருந்து டீசல் ஊற்றினால், வடிகட்டப்படாத டீசல் சுத்தமான பக்கத்துக்கே நேராகப் போய்விடுகிறது. அதைக் காலியாக மாட்டி, கைப்பம்பை அடித்து ஏர் எடுப்பதே முறை. நேரம் கூடுதலாகும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கூடுதலாக ஒரு வாட்டர் செபரேட்டர் பொருத்தினால் பயன் உண்டா?

பீப்பாய் டீசலை நம்பி ஓடும் வண்டிகளுக்கு நல்ல பயன் உண்டு. என்ஜினுக்கு மணிக்கு எத்தனை லிட்டர் போகிறதோ, என்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பி வரும் டீசலையும் சேர்த்து, அதற்கு ஏற்ற அளவுள்ளதை வாங்க வேண்டும். சிறியதை மாட்டினால் அதுவே ஓர் அடைப்பாகும். வாரண்டியில் இருக்கும் வண்டிக்குக் கம்பெனியைக் கேட்காமல் மாட்ட வேண்டாம்.

டீசலில் தண்ணீர் என்று விளக்கு எரிகிறது. லோடை இறக்கிவிட்டுப் பார்க்கலாமா?

ஓரம் கட்டி உடனே வடியுங்கள். ஐந்து நிமிட வேலை. சென்சார் வயரைப் பிடுங்கி விளக்கை அணைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டிகளுக்குத்தான் பிறகு நாசில் செட் மாற்ற நேர்கிறது.

வேலை இல்லாமல் இரண்டு மூன்று மாதம் வண்டி நிற்கப்போகிறது. எப்படி நிறுத்துவது?

அடைமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே தண்ணீரை வடித்து, டேங்கை நிரப்பி, மூடியின் ரப்பரைப் புதிதாகப் போட்டு, மேட்டுப்பாங்கான இடத்தில் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை அடியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துப் பாருங்கள். திரும்ப எடுக்கும் நாளன்று, ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேங்கையும் செபரேட்டரையும் வடித்து, தெளிந்த டீசல் வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.